ஈரல் ஜெல்லியும் நூறு பொறிவண்டுகளும்

காலை எட்டு பத்துக்கு வெள்ளியங்கிரி நீல மூடி டப்பாவைத் தட்டித் திறந்தபோது, உள்ளே பதினேழு பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன.

ஆறு கால்களையும் மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருந்தன. நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் டப்பாச் சுவரில் ஏறி இறங்கி அமர்க்களம் செய்த ஜீவன்கள்.

உயிர் கியிர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பார்ப்போம் என்று டப்பாவை மேஜை விளிம்பில் டொக் டொக்கென்று நாலு தட்டுத் தட்டினார். கிடந்தது கிடந்தபடியே கிடந்தது. போதாக்குறைக்கு, சுவரில் சும்மா நடந்துகொண்டிருந்த இன்னும் நாலு வண்டுகள் பொத்தென்று விழுந்து, அவையும் காலை மடக்கிக்கொண்டன.

"அட என்ற கெரகமே!" என்றார் வெள்ளியங்கிரி.

ஒரு தட்டைக்கூடத் தாங்க முடியாத நோஞ்சான்கள்! அப்படி என்னத்தைத் தின்று தொலைத்தன?

தின்றது ஈரல் ஜெல்லி. அதில்தான் வெள்ளியங்கிரியின் எதிர்காலம் இருந்தது.

கணுவாய் தாண்டி இருந்த அந்தப் பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் பூச்சிகளைக் கொல்வதில்லை, வளர்ப்பார்கள். திராட்சைத் தோட்டத்தில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பினால் மருந்தடிக்க வேண்டியதில்லை. கறுப்பு உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாக மிளகைவிடச் சற்றே இளைத்த இந்தப் பொறிவண்டை விட்டால் போதும், பந்தியில் உட்கார்ந்த மாமன் மச்சான் போலத் தின்று தீர்த்துவிடும். சிக்கல் என்னவென்றால், வண்டை வளர்க்க மாவுப்பூச்சி வேண்டும். மாவுப்பூச்சியை வளர்க்க அரசாணிக்காய் என்கிற மஞ்சள் பூசணி வேண்டும். வாரா வாரம் டெம்போவில் அரசாணிக்காய் வந்து இறங்கும். வருகிறவர்கள், "கல்யாணமுங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அரசாணிக்காயும் வேண்டாம், மாவுப்பூச்சியும் வேண்டாம், வண்டுக்கு நேராக நாமே சமைத்துப் போட்டால் என்ன என்று டாக்டர் அரங்கசாமிக்கு எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு யோசனை வந்தது. அன்றிலிருந்து சமைக்கிறார். முதல் எட்டு வகையை வண்டுகள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்பதாம் வகையை ஆபீஸ் பூனை தின்றுவிட்டு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. இப்போது நடப்பது பதினேழு. பல்லடத்துக் கோழி ஈரல், தேன், முட்டை மஞ்சள் கரு, ஈஸ்ட் எல்லாம் போட்டு, கடற்பாசியில் உறையவைத்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிய ஜெல்லி.

அதைத் தின்று நூறு வண்டுகள் முப்பது நாள் உயிரோடு இருக்க வேண்டும், முட்டையிட வேண்டும். முப்பதாம் நாள் பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால், பெரிய அளவில் வண்டு உற்பத்தி செய்ய இங்கேயே தனிப் பிரிவு. அதற்குப் பொறுப்பாளர் வெள்ளியங்கிரி. நிரந்தரம்!

வெள்ளியங்கிரி பதினோரு வருடமாகத் தற்காலிகம். எண்பத்தொன்பது நாள் வேலை பார்ப்பார். தொண்ணூறாம் நாள் 'போய் வாருங்கள்' என்று ஒரு காகிதம் கொடுப்பார்கள். மறுநாள் 'வாருங்கள்' என்று இன்னொரு காகிதம். இத்தனை வருடமும் அந்துப்பூச்சிப் பிரிவில் இருந்தார். அங்கே கூண்டைத் தட்டினால்தான் முட்டை உதிரும், எனவே தட்டு தட்டென்று தட்டுவதுதான் வேலை. கை சுத்தமான ஆள் என்று டாக்டர் போன வாரம்தான் அவரை வண்டுக்கு மாற்றினார். பொறிவண்டை அவர் அதற்கு முன்னால் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

இன்று மூன்றாம் நாள். அதற்குள் இருபத்தொரு சாவு.

வாசலில் பஜாஜ் ஸ்கூட்டர் இருமி நின்றது. டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வராந்தாவிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏனுங்க வெள்ளியங்கிரி, எல்லாரும் சௌக்கியங்களா?"

எல்லாரும் என்றால் வண்டுகள்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் நலம் விசாரித்தால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. பஸ் இடித்துச் சாக்கடையில் கிடப்பவரைக் கேட்டாலும், "நல்லா இருக்கறனுங்க, நீங்க நல்லா இருக்கறீங்ளா?" என்பார். ஆம்புலன்ஸ் பேச்செல்லாம் அப்புறம்தான்.

"நெம்ப சந்தோசமுங்க. கை கழுவிட்டு வாரனுங்க" என்றார் டாக்டர்.

வாய்விட்டுச் சொன்னதை அரை நிமிடத்தில் எப்படித் திரும்ப வாங்குவது? வாங்குவதைவிட, சொன்னதை மெய்யாக்கிவிடுவது சுலபம் என்று பட்டது. வெள்ளியங்கிரி மல்லாந்து கிடந்த இருபத்தொன்றையும் தூரிகையால் ஒரு காகிதத்தில் கூட்டி, பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே கொட்டி, ஜன்னலைச் சாத்தினார். பக்கத்தில் இன்னொரு நூறு வண்டுகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் துணிக்கூண்டில் பழைய முறைப்படி அரசாணிக்காயில் மாவுப்பூச்சி தின்றுகொண்டிருந்தன. துணியில் தைத்திருந்த சட்டைக்கை வழியாகச் சத்தமில்லாமல் கையை விட்டு இருபத்தொன்றைப் பிடித்து டப்பாவில் போட்டார்.

டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். நூறும் ஜம்மென்று நடமாடிக்கொண்டிருந்தன.

"மூணு நாளாச்சுங்க, ஒன்னுகூடச் சாவுலீங்க!" என்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியை மட்டும் துடைக்கவில்லை, கண்ணையும் துடைத்தார். அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எந்த மனுசனுக்கு மனசு வரும்?

ஒரு நாள் கூத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை டப்பாவைத் தட்டித் திறந்தால் பன்னிரண்டு. அதற்கு மறுநாள் பதினாறு. தினமும் ஜன்னல், தினமும் சட்டைக்கை. துணிக்கூண்டில் மட்டும் ஒரு சாவு இல்லை, அது வேறு வயிற்றெரிச்சல். மாவுப்பூச்சி தின்கிற வண்டு குத்துக்கல் மாதிரி இருக்கிறது, ஈரல் தின்கிற வண்டு பொழுது விடிந்தால் பொத்தென்று விழுகிறது. ஜெல்லி விஷம் என்பதில் வெள்ளியங்கிரிக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை டாக்டர் இரண்டு பக்கமும் எண்ணினார். டப்பாவில் நூறு. கூண்டில் முப்பத்தெட்டு.

"இங்க இருந்ததெல்லாம் எங்கீங்க?"

"அது... செத்துப்போச்சுங்க. எடுத்துக் கொட்டிப்போட்டனுங்க."

வெள்ளியங்கிரி வாயிலிருந்து வந்த முதல் சுத்தமான பொய். டாக்டர் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரோ இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"புரியுதுங்களா வெள்ளியங்கிரி? மாவுப்பூச்சி தின்னது சாகுதுங்க! நம்ம ஜெல்லி தின்னது சாகுலீங்க! ஆண்டவன் போட்ட சோத்தைவிட நாம போட்ட சோறு ஒசத்தியாப் போச்சுங்க!"

"அப்படிங்களா?" என்றார் வெள்ளியங்கிரி பலவீனமாக.

"இனி எதுக்குங்க அந்தப் பழைய கருமாந்தரம்? பாவம், மிச்சம் இருக்கற முப்பத்தெட்டும் நல்ல சோறு திங்கட்டும். எல்லாத்தையும் ஒட்டுக்கா டப்பாவுல உட்டுருங்க. அரசாணிக்காய் டெம்போவை நிறுத்தச் சொல்லிப்போடறேன்."

கூண்டு காலியானது. டப்பாவில் நூற்று முப்பத்தெட்டு. வெள்ளியங்கிரியின் கைவசம் இருந்த மாற்று ஆட்கள் பூஜ்ஜியம். மிஞ்சிய அரசாணிக்காய்களைப் பூச்சியைக் கழுவிவிட்டு ஆளுக்கு நாலாகக் கொடுத்தனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மனைவி ராசாத்தாள் அரசாணிக்காய்ப் பொரியலும் அரசாணிக்காய்க் குழம்பும் வைத்து இலையைப் போட்டாள். வெள்ளியங்கிரி ஒரு வாய்கூட வைக்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சாப்பாடு நல்லா இல்லீங்களா?"

"நல்லா இருக்குது அம்மணி" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

ராசாத்தாள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். அவளுக்கு ஜெல்லியைப் பற்றி ஆரம்பத்திலிருந்தே நல்ல அபிப்பிராயம் கிடையாது. "உப்பில்லாம புளியில்லாம ஈரலை ஒறைய வெச்சுக் குடுத்தா மனுசனே செத்துருவான், வண்டு என்ன பண்ணும்?"

"டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிப்போடலாம்னு பாக்கறேன்."

"சொல்லுவீங்க, சொல்லுவீங்க! அப்பறம் எங்கக்கா ஊட்டு விசேசத்துக்கு நீங்களே தனியாப் போய்ட்டு வாங்க."

அது அவருக்கும் வலிக்கிற இடம். ராசாத்தாளின் அக்கா புருஷன் செங்கோடன் பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் நிரந்தரம். காதுகுத்தோ கல்யாணமோ, பந்தியில் சரியாக எதிரில் உட்கார்ந்து, ரசம் வருகிற நேரமாகப் பார்த்து, "என்னங் சகல, இன்னும் டெம்பரவரிதானுங்களா?" என்று கேட்பார். நலம் விசாரிக்கிற குரலில்தான் கேட்பார். இவரும், "ஆமாங்க, நல்லா இருக்குதுங்க" என்பார்.

"வேற வண்டுக்கு எங்க போறது ராசாத்தா?"

"பத்து செத்தா பத்தைப் புடிச்சுப் போடுங்க. வண்டுக்கு என்ன ரேசன் கார்டா இருக்குது, பேரைக் கேக்கறதுக்கு?"

திங்கட்கிழமை காலை பதினெட்டு. ஜன்னல் வழியே கொட்டியாயிற்று. ஈடுகட்ட வண்டு இல்லை. டாக்டர் அன்றைக்குக் கூட்டத்துக்குப் போயிருந்ததால் வெள்ளியங்கிரி தப்பித்தார். சாயங்காலம் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பின்னால் போய், போக்கிடமில்லாமல் ஒரு பீடியைப் பற்றவைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பின்பக்கத்தில் ஒரு கொய்யா மரம். இலைக்கு இலை மாவுப்பூச்சி. அதன் நடுவில், கறுப்பு உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாக, ஒன்றல்ல இரண்டல்ல, ஏராளமான பொறிவண்டுகள்!

"அப்பனே வெள்ளியங்கிரி ஆண்டவா!" என்று மேற்கே மலை இருந்த திசைக்குக் கும்பிட்டார். வருடா வருடம் சித்திரையில் ஏழு மலையையும் மூச்சு வாங்க வாங்க ஏறியது வீண் போகவில்லை. சட்டைப் பையிலிருந்த ஓமியோபதி மாத்திரைப் புட்டியைக் காலி செய்து, இருபது வண்டுகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அன்றிலிருந்து இதுவே நித்தியப்படி ஆனது. காலையில் ஜன்னல் வழியே கருமாதி. சாயங்காலம் கொய்யா மரத்தில் பிடிப்பு. ஆண்டவன் கணக்கும் கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது. ஒன்றிரண்டு குறையும் நாளில் அதை அவன் கமிஷன் என்று விட்டுவிட்டார்.

பின்பக்கத்தைக் கூட்டுகிற காளியாத்தாள் மட்டும் ஒரு நாள் விளக்குமாற்றை நிறுத்திப் பார்த்தாள். ஐம்பது வயசு இருக்கும், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற மனுஷி.

"ஏனுங்க, வண்டு புடிக்கறீங்ளா?"

"ஆமாங்க."

"செரிங்க" என்று அவள் மறுபடி கூட்டப் போய்விட்டாள். இரண்டாவது கேள்வி கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

ஆனால் மனசு கேட்குமா? நிரந்தரமாகப் போகிற ஆள் இப்படித் திருட்டு வண்டு போட்டுக் காலம் தள்ளலாமா? சாவையே நிறுத்திவிட்டால் பொய்யும் நின்றுவிடும் என்று முடிவு செய்து, வெள்ளியங்கிரி வைத்தியத்தில் இறங்கினார்.

முதலில் டப்பாவின் மூடிமேல் மலையிலிருந்து கொண்டுவந்த திருநீற்றைப் பூசினார். உள்ளேயும் கொஞ்சம் இறங்கட்டும் என்று நன்றாகத் தட்டினார். அன்றைக்கு இருபத்திரண்டு போயின. ஏ.சி. குளிர் ஆகவில்லையோ என்று டப்பாவைத் தூக்கி நாற்பது வாட் பல்புக்குக் கீழே ணங்கென்று வைத்தார். பத்தொன்பது. காலையில் மட்டும் பார்ப்பதால்தான் நோய் முற்றிவிடுகிறது என்று மத்தியானமும் ஒரு முறை தட்டித் திறந்து பார்க்க ஆரம்பித்தார். பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து சாவு இரண்டு மடங்கு ஆகிவிட்டது. மத்தியானம் பார்ப்பதைப் பயந்துபோய் நிறுத்தினார், பாதியாகக் குறைந்தது.

"கண்ணேறுதானுங்க மாமா" என்றாள் ராசாத்தாள். "நீங்க பாக்கப் பாக்கத்தான் சாகுது. மொளகாயும் உப்பும் சுத்திப் போடுங்க."

அதையும் சுற்றிப் போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை.

இருபதாம் நாள் டாக்டர் டப்பாவில் முட்டைக்காகப் போட்டிருந்த பஞ்சை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐயோ!" என்று கத்தினார். மாட்டிக்கொண்டோம் என்று வெள்ளியங்கிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முட்டைங்க! மஞ்ச மஞ்சளா முட்டைங்க! பதினாறு நம்பர் வரைக்கும் ஒரு கழுதையும் ஒரு முட்டை உடுலீங்க!"

கொய்யா மரத்து வண்டு இட்ட முட்டை என்று வெள்ளியங்கிரிக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. அவர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய்ப் பெங்களூருக்குப் பேசிவிட்டு, பூத்தில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். எட்டு வருடமாகச் சிரிக்காத மனுஷன். சம்சாரம்கூட 'உங்க வண்டு' என்றுதான் சொல்வாளாம், இப்போது 'நம்ம வண்டு' என்கிறாளாம். அதைச் சொல்லும்போது டாக்டர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். கேட்டுக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி, அவர் வாங்கிவந்த டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு சேதி கேளுங்க" என்றார் டாக்டர். "இந்தச் சாப்பாட்டுக்குப் பேரு வெச்சாச்சுங்க. கட்டுரையிலயும் அந்தப் பேரையே போட்டு அனுப்பிட்டேன்."

"என்னங்க பேரு?"

"வெள்ளியங்கிரி பதினேழு."

வெள்ளியங்கிரி டீ கிளாசைக் கீழே வைத்தார். "ஐயா, வேண்டாமுங்க. சாமி பேருங்க அது."

"உங்க பேருந்தானுங்களே! கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்தது நீங்கதானுங்க. பதினோரு வருசமா உங்களை டெம்பரவரியா வெச்சிருந்ததுக்கு நான் செய்யற மருவாதிங்க."

அன்று இரவு அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. தன் பேரில் பொய் சொல்லலாம், அது அவரவர் பாவம். சாமி பேரைப் பொய்யின் நெற்றியில் ஒட்டி ஊர் ஊராக அனுப்பினால்? அடுத்த சித்திரையில் எந்த முகத்தோடு மலை ஏறுவது? ராசாத்தாளோ அதற்குள் அக்காவுக்குத் தகவல் சொல்லிவிட்டாள். வேலை நிரந்தரமானதும் ஞாயிற்றுக்கிழமை விருந்து. செங்கோடன் சகலையும் வருகிறார்.

முப்பதாம் நாள் வந்தது. பெங்களூர் அதிகாரி டாக்டர் ராமாமணி அம்மாள் காரிலிருந்து இறங்கினார். பிறந்த ஊர் உடுமலைப்பேட்டை. கர்நாடகத்தில் இருபது வருடம் இருந்தும் பேச்சில் ஒரு 'ங்க' குறையவில்லை. ஒரு மணி நேரம் டப்பாவையே பார்த்தார். லென்ஸில் பார்த்தார், எண்ணிப் பார்த்தார், முட்டைகளை எண்ணினார், ஜெல்லியை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"நெம்ப நல்லா இருக்குதுங்க அரங்கசாமி" என்றார். "நானும் எத்தனையோ ஊருல பாத்துட்டேன். செயற்கைச் சாப்பாட்டுல இப்படி ஒரு வண்டுக் கூட்டத்தைப் பாத்ததில்லீங்க."

டாக்டர் அரங்கசாமி ஓடிப்போய் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ராமாமணி பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். உள்ளே தட்டச்சு செய்த நிரந்தர உத்தரவு. வெள்ளியங்கிரியின் பெயர், தகப்பனார் பெயர், பதவி எல்லாம் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனா மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு மரியாதைக்காக நிமிர்ந்து கேட்டார்.

"ஏனுங்க வெள்ளியங்கிரி, எல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். நாக்கு நுனியில் பதில் தயாராக நின்றது. கண் மட்டும் மேஜைமேல் போயிற்று. ஜெல்லிப் புட்டியில் பளிச்சென்று புது லேபிள். வெள்ளியங்கிரி - 17.

"இல்லீங்க" என்றார்.

நாற்பது வருடத்தில் அந்த மனுஷன் இந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் மடை உடைந்துவிட்டது.

"நல்லா இல்லீங்கம்மா. ஜெல்லி தின்னதெல்லாம் மூணாம் நாள்ல இருந்தே செத்துட்டு இருக்குதுங்க. நாந்தான் காத்தால ஜன்னல்ல கொட்டிப்போட்டு, கூண்டு வண்டையும் கொய்யா மரத்து வண்டையும் புடிச்சுப் புடிச்சுப் போட்டனுங்க. நீங்க பாக்கறது பூரா வெளி வண்டுங்க. டாக்டர் ஐயாவுக்கு ஒன்னும் தெரியாதுங்க. அவரு தங்கமான மனுசனுங்க."

டாக்டர் அரங்கசாமி லென்ஸை மெதுவாக அதன் உறையில் போட்டார்.

"மொத்தம் எத்தனை செத்துதுங்க?" என்று கேட்டார் ராமாமணி.

"முந்நூத்திப் பதினாலுங்க."

"டப்பாவுல இருந்ததே நூத்தி முப்பத்தெட்டுதானுங்களே!"

"ஆமாங்க. இருந்ததைவிடச் செத்தது எச்சுங்க."

"செத்ததை எனக்குக் காட்ட முடியுங்களா?"

மூவரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். வெறும் மண். ஒரு வண்டின் கால்கூட இல்லை.

"எறும்பு இழுத்துட்டுப் போயிருக்குமுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

ராமாமணி பேனாவை மூடினார். பதினேழாம் எண்ணுக்கு நேராக ஏட்டில் 'தோல்வி' என்று எழுதி அடிக்கோடு போட்டார். உறை திரும்பப் பைக்குள் போயிற்று. எங்கள் பக்கத்தில் வேலையைவிட்டு அனுப்பினாலும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள்.

"உண்மையைச் சொன்னதுக்கு நெம்ப சந்தோசமுங்க. நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க. அரங்கசாமி, நீங்களும் அரசாணிக்காய் டெம்போவை மறுக்கா வரச் சொல்லிருங்க."

"செரிங்க" என்றார் அரங்கசாமி. எட்டு வருடமும் அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. பிறகு அவரே எழுந்துபோய், ஜெல்லிப் புட்டியை எடுத்துக் கழுவும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். வெள்ளியங்கிரியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளியங்கிரி பின்பக்கம் போய்க் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்தார். நிரந்தரமும் போயிற்று, இருந்த தற்காலிகமும் போயிற்று. ராசாத்தாளிடம் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் வந்து இலையில் உட்கார்ந்ததும் கேட்பாரே, அவரிடம் என்ன சொல்வது? கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் நெஞ்சில் முப்பது நாளாக இருந்த பாரம் இறங்கியிருந்தது. போனால் போகட்டும், சாமி பேரைக் காப்பாற்றிவிட்டோம், ஜென்மத்தில் ஒரு உண்மையாவது சொல்லிவிட்டோம் என்று தன்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டார்.

காளியாத்தாள் கூட்டிக்கொண்டே அருகில் வந்தாள்.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்ளா?"

"நல்லா இருக்கறனுங்க" என்றார் வெள்ளியங்கிரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இன்னைக்கு வண்டுகளை வெளிய உடுலீங்களா?"

"வெளிய உடறதா? எந்த வண்டுங்க?"

காளியாத்தாள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். "அதானுங்க, தெனமும் காத்தால ஜன்னல்ல கொட்டுவீங்கல்ல... அதுக சித்த நேரம் செத்தாப்பல காலை மடக்கிட்டுக் கெடந்துட்டு, நீங்க ஜன்னலைச் சாத்துனதும் ஒவ்வொன்னா எந்திரிச்சு இந்தக் கொய்யா மரத்துக்குப் பறந்து வந்துருமுங்க, பொழுதோட நீங்களும் வந்து அதுகளையே புட்டியில புடிச்சுட்டுப் போயிருவீங்க; எங்கூட்டு ஆட்டை மேய உட்டுப் புடிச்சுக் கட்டறாப்பல, ஒரே ஜெல்லியத் தின்னு சலிச்சுப்போகுமுன்னு வண்டுகளைக் காத்தாட உடறீங்களாட்டம் இருக்குதுன்னு நான் நெனச்சுட்டு இருந்தனுங்க."